ஊரெல்லாம் போன குரல்

பல்லக்கா என்பது நாங்கள் வைத்த பெயர். செயற்கைப் பல் செட் செய்யும் கூடத்தில் அவருக்கு வேலை. வயதில் எங்கள் பலருக்கும் அக்கா. இரண்டையும் சேர்த்துப் பல்லக்கா ஆக்கிவிட்டோம். "நாலு பேர் தூக்கிட்டுப் போவீங்கன்னா வெச்சுக்கங்க" என்று அன்றைக்கே எழுதி அனுப்பினார்.

எங்கள் குழுவில் யாருக்கும் சொந்தப் பெயர் புழக்கத்தில் இல்லை. திக்கிப் பேசுகிறவர்களுக்கு உலகத்திலேயே கடினமான சொல் தன் பெயர்தான். வேறெந்தச் சொல் தொண்டையில் சிக்கினாலும் அதை விழுங்கிவிட்டு இன்னொன்றைப் போட்டு ஒப்பேற்றலாம். பெயருக்கு மாற்றுச் சொல் ஏது? அதனால் ஆளுக்கொரு பட்டப்பெயர். மின் மீட்டர் கணக்கெடுக்கிறவர் மீட்டர். கீச்சென்று மெல்லிய குரலில் பேசும் பெண் குருவி. எனக்கு வைத்த பெயர் இந்தக் கதைக்குத் தேவையில்லை. வைத்தவர்களை இன்னும் மன்னிக்கவில்லை.

பல்லக்காவின் வேலை பேச்சு அதிகம் கேட்காத வேலை. பிளாஸ்டர் அச்சில் மெழுகை உருக்கி ஊற்றி, அதில் பல்லைப் பல்லாகப் பதித்து, மேல் வரிசையும் கீழ் வரிசையும் சரியாகக் கடிக்கிறதா என்று பார்த்து, கடைசியில் சக்கரத்தில் மெருகேற்ற வேண்டும். சிறு வயதில் வகுப்பில் எழுந்து நின்று வாசிக்க முடியாமல் போனதால் படிப்பைப் பாதியில் விட்டவர். பல் கூடத்தில் சேர்ந்த பிறகு அவரை யாரும் எழுந்து நின்று வாசிக்கச் சொல்லவில்லை. அந்த நிம்மதியிலேயே பாதி ஆயுள் போய்விட்டது என்பார்.

கணவர் பள்ளி வேன் ஓட்டுகிறார். அவருக்கு வாய் ஓயாது. "ஒரு வீட்டுக்கு இவ்வளவு பேச்சுன்னு ஒரு அளவு இருக்கு. அவ மிச்சம் வைக்கிறத நான்தானே செலவு பண்ணணும்?" என்பார். பல்லக்கா அதற்குச் சிரிப்பதோடு சரி.

குழு முதலில் ஒரு பெரிய கம்பெனியின் செயலியில்தான் இருந்தது. தினமும் யாராவது தன் குரலைப் பதிந்து போடுவார்கள். சந்தையில் விலை கேட்டது, மேலதிகாரியிடம் விடுப்பு கேட்டது, பேருந்தில் இறங்கும் இடத்தைச் சொல்ல முடியாமல் அடுத்த நிறுத்தத்தில் இறங்கி நடந்தது என்று எல்லாம் வரும். எங்களுக்குள் ஒரே விதி: அடுத்தவர் சொல்லை நாம் முடித்துக் கொடுக்கக் கூடாது. அரை நிமிடம் ஒரே எழுத்தில் நின்றாலும் காத்திருக்க வேண்டும்.

ஒரு நாள் காலையில் குழு இல்லை. கம்பெனியின் இயந்திரம் எங்கள் பதிவுகளைக் கேட்டு, "பழுதான ஒலி, தொடர்ந்து அனுப்பப்படும் தொந்தரவு" என்று முடிவு கட்டிப் பூட்டிவிட்டது. முறையிட்டோம். "உங்கள் கருத்துக்கு நன்றி" என்று பதில் வந்தது. மறுபடி முறையிட்டோம். மறுபடியும் நன்றி. அந்தப் பக்கம் மனிதர் யாராவது இருக்கிறாரா என்பதே கடைசி வரை தெரியவில்லை. பல வருடக் குரல்கள் அதோடு போயின.

அப்போதுதான் மீட்டர் புதிதாக ஒன்றைச் சொன்னார். "இத்தனை நாளா நாம அடுத்தவன் வீட்டு மாடியில குடியிருந்தோம். அவன் எப்ப வேணா சாமானைத் தூக்கித் தெருவுல வைக்கலாம். வெச்சுட்டான். இனிமே சொந்த வீடு பாப்போம். சின்னதா ஒரு கம்ப்யூட்டர், நம்மள்ல ஒருத்தர் வீட்டுல. அதுல நாம. இதே மாதிரி உலகம் பூரா ஆளாளுக்கு வீடு வெச்சிருக்காங்க. வீட்டுக்கு வீடு பேசிக்கலாம். மேல யாரும் இல்ல. யாரும் பூட்ட முடியாது."

"யார் வீட்டுல வைக்கிறது?" என்று கேட்டதும் எல்லோரும் அமைதியானோம். அமைதியாக இருப்பதில் எங்களை மிஞ்ச ஆளில்லை. பல்லக்காதான், "எங்க வீட்டுல ஜன்னலோரம் இடம் இருக்கு" என்றார்.

பெட்டி ஒரு சோப்பு டப்பா அளவுதான். அதற்கு "நிதானம்" என்று பெயர் வைத்தோம். மீட்டர் வந்து எல்லாவற்றையும் பொருத்தி, பல்லக்காவுக்குப் பொறுமையாகக் கற்றுக் கொடுத்துவிட்டுப் போனார். முதல் வாரம் எங்களுக்குத் தலைகால் புரியவில்லை. யார் யாரோ தொலைதூர வீடுகளிலிருந்து எங்கள் குரலைக் கேட்டார்கள். வேறொரு நாட்டிலிருந்து ஒரு கிழவர், எங்களை விட மோசமாகத் திக்குகிறவர், மணிக்கணக்கில் ஒரு நகைச்சுவைத் துணுக்கைச் சொல்லி முடித்தார். கடைசி வரியில் நாங்கள் சிரித்த சிரிப்பு துணுக்குக்காக மட்டும் அல்ல.

ஆனால் சொந்த வீடு என்றால் ஒழுகுகிற கூரையும் சொந்தம்தான். ஒரு நாள் பல்லக்காவின் கணவர் சட்டைக்கு இஸ்திரி போடுவதற்காகப் பெட்டியின் ஒயரைப் பிடுங்கிவிட, அன்று பிற்பகல் முழுக்க நாங்கள் உலகத்தில் இல்லாமல் போனோம். இன்னொரு நாள் எங்கிருந்தோ ஒரு கும்பல் நுழைந்து, எங்களைப் போலவே திக்கி நடித்துப் பதிவு போட்டது. வீட்டுக்காரரும் நாமே, காவல்காரரும் நாமே. பல்லக்கா மதியச் சாப்பாட்டு நேரத்தில் ஒரு கையில் கரண்டியும் மறு கையில் ஃபோனுமாக உட்கார்ந்து அந்தக் கும்பல் வந்த வீடுகளை ஒவ்வொன்றாக மறித்தார். "பல்லு புடுங்குறது இதை விட சுலபம்" என்று எழுதினார்.

இதையெல்லாம் சமாளித்துவிட்டோம். குருவியின் விஷயத்தில்தான் ஆடிப்போனோம்.

குருவி ஒரு முதியோர் இல்லத்தில் பராமரிப்பு வேலை செய்கிறவள். அடிக்கிற கணவனை விட்டுவிட்டு, சின்ன மகளோடு வேறு ஊருக்கு வந்து சேர்ந்தவள். அவள் எந்த ஊரில் இருக்கிறாள் என்பது அவளுடைய அண்ணனுக்கும் பல்லக்காவுக்கும் மட்டும்தான் தெரியும். கணவன் தேடிக்கொண்டே இருந்தான். முன்பு அவள் பதிவு செய்யும்போதெல்லாம் ஒட்டுக் கேட்டுவிட்டு, சாப்பாட்டு மேசையில் அப்படியே திக்கிக் காட்டிச் சிரித்தவன் அவன். ஆயிரம் குரலுக்கு நடுவில் அவள் குரலைப் பொறுக்கி எடுத்துவிடுவான்.

அன்று அவள் மகளைப் பள்ளியில் சேர்க்கப் போயிருந்தாள். அலுவலகத்தில் இருந்த பெண், "உங்க பேர் சொல்லுங்க" என்று கேட்டாள். குருவி சொன்னாள். இரண்டு இடத்தில் நின்றது. ஆனால் விடவில்லை, காகிதத்தில் எழுதியும் காட்டவில்லை. கேட்ட பெண்ணும் அவசரப்படாமல் காத்திருந்தாள். வெளியே வந்த குருவிக்குக் கால் தரையில் படவில்லை. பள்ளி வாசலிலேயே நின்று ஃபோனை எடுத்துப் பதிவு செய்தாள். பள்ளியின் பெயர், தெரு, எதிரே தான் வேலை செய்யும் முதியோர் இல்லம் எல்லாம் சந்தோஷத்தில் வரிசையாக வந்து விழுந்தன. அனுப்பும்போது "நம் வீட்டுக்கு மட்டும்" என்பதற்குப் பதிலாக "எல்லோருக்கும்" என்றிருந்ததை அவள் கவனிக்கவில்லை. அந்த மென்பொருளில் யாரும் மாற்றாவிட்டால் "எல்லோருக்கும்" என்றுதான் இருக்கும்.

கேட்டவர்கள் கண் கலங்கினார்கள். கண் கலங்கியவர்கள் தங்கள் வீட்டாருக்கும் அனுப்பினார்கள். யாருக்கும் கெட்ட எண்ணமில்லை. நல்ல மனசாலேயே அந்தக் குரல் வீடு வீடாகப் போய்ச் சேர்ந்தது.

மறுநாள் காலை, முன்பின் தெரியாதவர்களிடமிருந்து வந்த வாழ்த்துகளைப் பார்த்த பிறகுதான் குருவிக்கு உறைத்தது. பல்லக்காவுக்கு ஒரே வரி எழுதினாள்: "அக்கா, அவன் கேட்டா வந்துடுவான்."

பல்லக்கா மெழுகுக் கத்தியைக் கீழே வைத்தார். முதலாளியிடம் போய், "வீட்டுல அவசரம்" என்று சொல்ல வாயெடுத்தார், வரவில்லை. வாசலைக் கையால் காட்டிவிட்டுக் கிளம்பிவிட்டார்.

மீட்டரும் வேலையைப் போட்டுவிட்டுப் பல்லக்கா வீட்டுக்கு வந்து சேர்ந்தார். சாப்பாட்டு மேசையில் கணினியை விரித்து உட்கார்ந்தார்கள். பெட்டியிலிருந்த பதிவை அழிக்க ஒரு நிமிடம்கூட ஆகவில்லை.

"அ... அழிச்சாச்சுல்ல?" என்றார் பல்லக்கா.

"நம்ம வீட்டுல அழிச்சாச்சு அக்கா. மத்த வீடுங்களுக்கும் 'அழிச்சிடுங்க'ன்னு தானாவே தகவல் போயிருக்கு. பெரும்பாலும் கேட்டுக்குவாங்க."

"பெரும்பாலும்னா?"

மீட்டர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "அது உத்தரவு இல்லக்கா. வேண்டுகோள்தான். அவங்கவங்க வீட்டுக்கு அவங்கவங்கதான் ராஜா."

பல்லக்காவின் கணவர் இடையில் புகுந்தார். "பெரிய கம்பெனியா இருந்தா ஒரே பட்டன்ல முடிஞ்சிருக்கும்ல?"

"ஒரே பட்டன்லதானே நம்மளையும் முடிச்சாங்க?" என்றார் மீட்டர்.

இரண்டும் உண்மைதான்.

ஊர்வாயை மூட உலைமூடி கிடையாது என்பார்கள். பல்லக்கா ஊர்வாயை ஒவ்வொன்றாக மூடக் கிளம்பினார். எந்தெந்த வீட்டில் பதிவு இன்னும் இருக்கிறது என்று மீட்டர் தேடித் தேடிச் சொல்ல, பல்லக்கா அந்தந்த வீட்டுக்காரருக்கு எழுதினார். குழுவில் இருந்த நாங்களும் ஆளுக்குக் கொஞ்சமாகப் பிரித்துக்கொண்டோம். பெரும்பாலோர் உடனே அழித்தார்கள். லாரி மெக்கானிக் ஒருவர் அழித்துவிட்டு, "குழந்தை பத்திரமா இருக்கா?" என்று கேட்டு எழுதினார். அந்த ஒரு வரியைப் பல்லக்கா எங்களுக்கெல்லாம் காட்டினார். கம்பெனியிடமிருந்து வந்த அத்தனை நன்றியிலும் இப்படி ஒரு வரி இருந்ததில்லை.

ஒரு வீட்டில் ஆளே இல்லை. வைத்தவர் எப்போதோ சலித்துப் போய் விட்டுவிட்டுப் போக, பெட்டி மட்டும் தன்பாட்டுக்கு ஓடிக்கொண்டிருந்தது. நாள் முழுக்கத் தேடி அவருடைய தங்கையைக் கண்டுபிடித்தோம். அந்த அம்மாள் அண்ணன் அறைக்குப் போய், எது எந்த ஒயர் என்று தெரியாமல் எல்லாவற்றையும் சேர்த்துப் பிடுங்கிவிட்டார்.

கடைசியில் ஒரே ஒரு வீடு மிஞ்சியது. அது சாதாரண வீடு இல்லை. ஊர் ஊராகப் போகிற பதிவுகளையெல்லாம் சேர்த்துவைக்கும் பெட்டகம். முகப்பிலேயே, "இங்கே எதுவும் அழிக்கப்படாது. யார் சொன்னாலும்" என்று எழுதியிருந்தது. தேடுகிற வசதியும் அதில் இருந்தது. பள்ளியின் பெயரைப் போட்டுத் தேடினால் குருவியின் குரல் முதலில் வந்து நின்றது. எழுதிய கடிதங்களுக்குப் பதில் இல்லை. ஆனால் பக்கத்தின் அடியில் ஒரு தொலைபேசி எண் இருந்தது.

தொலைபேசி. எங்களுக்கு அதை விடப் பெரிய பூதம் கிடையாது. நேரில் என்றால் நம் முகத்தைப் பார்த்து எதிராளிக்குப் புரியும். ஃபோனில் நாம் நின்றால் அந்தப் பக்கம் வெறும் மௌனம்தான் கேட்கும். "ஹலோ, ஹலோ" என்று இரண்டு தடவை சொல்லி வைத்துவிடுவார்கள்.

"குடு, நான் பேசுறேன்" என்று கணவர் முன்வந்தார். பேசினார். வணக்கத்தில் தொடங்கி, குழந்தையோடு தனியாக இருக்கும் பெண்ணின் கஷ்டம், சட்டம், மனசாட்சி, தான் வேன் ஓட்டுகிற பள்ளிப் பிள்ளைகள் என்று மூச்சு விடாமல் ஒரு சுற்று சுற்றி வருவதற்குள் இணைப்பு துண்டிக்கப்பட்டிருந்தது. எந்த இடத்தில் துண்டித்தார்கள் என்று அவருக்கே தெரியவில்லை.

பல்லக்கா ஃபோனை வாங்கினார். ஒரு டம்ளர் தண்ணீர் குடித்தார். எண்ணை அழுத்தி ஸ்பீக்கரைப் போட்டார்.

"யாரு?" என்றது ஒரு முதிய ஆண் குரல்.

பல்லக்காவுக்கு வாய் திறந்தது, சொல் வரவில்லை. நெற்றியில் நரம்பு புடைத்தது. கணவர் உதவிக்குக் கை நீட்ட, பல்லக்கா அதைத் தட்டிவிட்டார். அந்தப் பக்கம் "ஹலோ" என்று இன்னொரு தடவை கேட்டது. பிறகு அமைதி. ஃபோனை வைத்துவிட்டார்கள் என்றே பல்லக்கா நினைத்தார்.

"லைன்லதாம்மா இருக்கேன்" என்றார் அவர். "மெதுவா சொல்லுங்க."

பல்லக்கா சொன்னார். தான் யார், குருவி யார், அந்தக் குரலில் என்ன இருக்கிறது, யார் தேடுகிறான் என்று எல்லாம் சொன்னார். மற்றவர்கள் இரண்டு நிமிடத்தில் சொல்லி முடிப்பதற்கு அவருக்கு வெகு நேரம் ஆனது. அந்த முதியவர் ஒரு இடத்திலும் குறுக்கே வரவில்லை.

"அந்தப் பதிவை நான் கேட்டிருக்கேன்" என்றார் கடைசியில். "நல்லா இருந்துச்சு. அதான் எடுத்து வெச்சேன். இப்ப முன்னாடி ஒருத்தர் பேசினாரு, மூச்சே விடல. அவ்வளவு சரளமா பேசுறவங்களை நான் நம்புறதில்ல."

கணவர் கூரையைப் பார்த்தார்.

"ஆனா அழிக்கிறது எனக்குக் கஷ்டம்மா. நான் அச்சகம் வெச்சிருந்தவன். எங்க ஊர் ஆத்துல ஆலைக் கழிவு கலந்ததுக்கு ஜனங்க போட்ட படமெல்லாம் ஒரே காலையில காணாம போச்சு. கேட்டா, 'அப்படி ஒண்ணும் இல்லவே இல்லையே'ன்னாங்க. அன்னைக்கு ஆரம்பிச்சது இது. இன்னைக்கு உங்களுக்காக அழிச்சா, நாளைக்கு ஆலைக்காரன் இன்னும் உருக்கமா ஒரு கதை சொல்லுவான்."

பல்லக்காவுக்குக் கோபம் வரவில்லை. அதுதான் சங்கடமாக இருந்தது என்று பிறகு சொன்னார். தங்கள் குரல்கள் காணாமல் போன அன்று இந்த மனிதர் இருந்திருந்தால் அவற்றைக் காப்பாற்றியிருப்பார்.

"ஆ... ஆலைக்காரன் மறைக்கிறது அவன் செஞ்சதை" என்றார் பல்லக்கா. "இவ மறையிறது அடிக்கு பயந்து."

இந்தத் தடவை திக்கியது அவர்.

"சரி. அது அந்தப் பொண்ணோட குரல். அவ கேட்டா அவளுக்குக் குடுக்கணும். ஆனா அவதான் கேக்குறான்னு எனக்குத் தெரியணும். தேடுறவன்கூட ஒரு பொண்ணை விட்டுப் பேச வைக்கலாம்ல? இவ எங்க இருக்கான்னு தெரிஞ்சுக்கிட்டு, தடயம் இல்லாம இருக்க அழிக்கச் சொல்லலாம். அவளையே பேசச் சொல்லுங்க. என்கிட்ட அவ குரல் இருக்கு. ஒப்பிட்டுப் பாத்துக்குறேன்."

பல்லக்கா குருவிக்குச் சொன்னார். குருவி இல்லத்தின் துணி உலர்த்தும் அறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு பேசினாள். பல்லக்காவையும் மீட்டர் அதே அழைப்பில் சேர்த்துவிட்டார்.

"பேர் மட்டும் சொல்லும்மா, போதும்" என்றார் அச்சகக்காரர்.

குருவியின் பெயர் அன்று பள்ளியில் நின்றதை விட அதிகமாக நின்றது. பயம் வேறு. முதல் எழுத்து திரும்பத் திரும்ப வந்து மோதியது. பல்லக்கா தன் சேலைத் தலைப்பை முறுக்கிக்கொண்டு, அந்தப் பெயரைத் தான் சொல்லிவிடக் கூடாதே என்று உதட்டைக் கடித்துக்கொண்டிருந்தார். கடைசியில் பெயர் முழுசாக வந்தது.

"நீதான்" என்றார் அச்சகக்காரர். "இதை யாராலயும் நடிக்க முடியாது. இரும்மா."

விசைகள் தட்டுகிற சத்தம் கேட்டது. பிறகு, "போயிடுச்சு. பின்னாடி எடுத்து வெச்சிருந்த நகலும் போயிடுச்சு. நீங்களே தேடிப் பாருங்க" என்றார்.

மீட்டர் தேடினார். பள்ளியின் பெயர், தெருவின் பெயர், குருவியின் பட்டப்பெயர், எதைப் போட்டாலும் ஒன்றும் வரவில்லை. பக்கத்தைப் புதுப்பித்துவிட்டு மறுபடி தேடினார். இல்லை. பல்லக்கா நாற்காலியில் அப்படியே சாய்ந்தார். கணவர் எதுவும் பேசாமல் போய் அடுப்பைப் பற்றவைத்தார். அவர் பேசாமல் இருந்ததை மீட்டர் இன்றும் ஒரு செய்தியாகச் சொல்வார்.

குருவி அந்தப் பக்கம் அழுவது கேட்டது. "அழு, அழு. அதுக்கு யாரும் அவசரப்படுத்தல" என்றார் அச்சகக்காரர்.

அடுத்த சில வாரம் பயத்தோடுதான் போனது. குருவி பள்ளியிலும் இல்லத்திலும் விஷயத்தைச் சொல்லிவைத்தாள். இல்லத்தின் மேலாளர் வாசல் காவலரிடம் கணவனின் படத்தைக் கொடுத்தார். பள்ளியில், தாய் நேரில் வராமல் குழந்தையை யாரிடமும் விடமாட்டோம் என்றார்கள். அண்ணன் ஊரிலிருந்து அவ்வப்போது தகவல் சொன்னான்: அவன் இங்கேதான் இருக்கிறான், எங்கும் கிளம்பவில்லை, எதையும் கேட்ட மாதிரி தெரியவில்லை. பிறகு ஒரு நாள், அவன் வேறு வேலை கிடைத்து எதிர்த் திசையில் வெகு தூரம் போய்விட்டான் என்று தகவல் வந்தது. அன்றுதான் எல்லோரும் மூச்சு விட்டோம்.

எங்காவது ஒரு மூலையில், யாருடைய ஃபோனிலாவது அந்தப் பதிவு இன்னும் இருக்காது என்று யாராலும் சத்தியம் செய்ய முடியாது. மீட்டர் அதை மறைக்கவும் இல்லை. பெரிய கம்பெனிக்கே திரும்பிப் போய்விடலாமா என்று ஒருவர் கேட்டபோது நிறைய வாதம் நடந்தது. குருவியே வேண்டாம் என்றாள். "அங்க கதவே இல்ல. இங்க தட்டினா யாராவது திறக்குறாங்க" என்று எழுதினாள்.

ஆனால் வீட்டைப் பழுது பார்த்தோம். யாரும் மாற்றாவிட்டால் "நம் வீட்டுக்கு மட்டும்" என்று இருக்கும்படி மீட்டர் செய்துவிட்டார். எல்லோருக்கும் அனுப்ப நினைத்தால், "ஊருக்கே கேட்கும். சரிதானா?" என்று பெட்டி இரண்டு தடவை கேட்கும். பல்லக்கா ஒருவரே எல்லாவற்றையும் சுமக்க வேண்டாம் என்று காவல் வேலையை முறை வைத்துப் பிரித்துக்கொண்டோம். பல் கூடத்து முதலாளி அன்றைய திடீர் விடுப்பைப் பற்றி விசாரித்தார். பல்லக்கா நடந்ததைச் சொல்லத் தொடங்கினார். பாதியில் வாடிக்கையாளர் வந்துவிட, "அப்புறம் சொல்லுங்க, மீதியைக் கேட்டே ஆகணும்" என்று பல்லக்காவிடம் சொல்லி, வாடிக்கையாளரை அனுப்பிவிட்டு வந்து மறுபடி உட்கார்ந்தார் முதலாளி.

பள்ளி விடுமுறையில் குருவி மகளைக் கூட்டிக்கொண்டு பல்லக்கா வீட்டுக்கு வந்தாள். அதுவரை குரலாக மட்டுமே தெரிந்த இருவர் வாசலில் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டு நின்றார்கள். இருவருக்கும் பேச்சு வரவில்லை. அதற்கு அவசரமும் இல்லை. பல்லக்கா பையை வாங்கிக்கொண்டார். குருவி செருப்பைக் கழற்றினாள்.

சாப்பிட்டு முடித்ததும் குழந்தை பாயில் தூங்கிவிட்டாள். அவளைத் தட்டிக் கொடுத்துக்கொண்டிருந்த குருவியும் சுவரில் சாய்ந்தபடியே கண்ணயர்ந்தாள். தெருவில் ஏதோ வண்டி போனது. அவள் திடுக்கிட்டு எழவில்லை. பல்லக்கா ஒரு தலையணையைக் கொண்டுவந்து அவள் தோளுக்கும் சுவருக்கும் நடுவில் மெல்லச் செருகிவிட்டு, வாசல் கதவைத் தாழிடாமல் வெறுமனே சாத்திவைத்தார்.